கேட்டரிங் கல்லூரியா, அப்பாவின் அடுப்படியா?

கோவில்பட்டியிலிருந்து பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. சமையல் தொழிலுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவருடைய அப்பா இருபது ஆண்டுகளாக ஒரு மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறார். "சமைக்கக் கற்றுக்கொள்ள எதற்குக் கல்லூரி, என் அடுப்படியில் வந்து நில்" என்கிறார். தனியார் கேட்டரிங் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டுகளுக்கு ஆறு லட்சம் ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடன் வாங்கிச் சேரலாமா, இந்தப் படிப்பு எதைத்தான் கற்றுத் தருகிறது, படிக்காமலே மேலே வர முடியாதா என்பவை அவருடைய கேள்விகள். நட்சத்திர விடுதிச் சமையலறைகளில் பதினான்கு ஆண்டுகள் நின்றுவிட்டு, பிறகு சில ஆண்டுகள் பயிற்றுநராகவும் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் 'கேட்டரிங் படிப்பு' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி சமையல் படிப்பு அன்று. அது விடுதி நிர்வாகப் படிப்பு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய ஹோட்டல் மேலாண்மை மற்றும் கேட்டரிங் தொழில்நுட்ப கவுன்சிலின் மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டப்படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சேரும் மாணவர் சமையலோடு பரிமாறும் துறை, வரவேற்புப் பகுதி, அறைப் பராமரிப்பு ஆகிய மற்ற மூன்றையும் படித்தாக வேண்டும். கரண்டி பிடிக்கும் ஆசையோடு வந்த பிள்ளைகள், மெத்தை விரிப்பின் மூலையை எந்தக் கோணத்தில் மடிப்பது என்ற செய்முறைத் தேர்வில் நின்றுகொண்டு திகைப்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இதற்கு ஒரு வரலாறும் உண்டு. நாட்டின் முதல் கேட்டரிங் கல்லூரி 1954-இல் பம்பாயில் லீலாவதி முன்ஷியின் முயற்சியால் தொடங்கப்பட்டபோது நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவியது. அன்றைய அக்கறை சத்துணவு, சிக்கனம், நிறுவனச் சமையல் ஆகியவற்றின் மீதே இருந்தது. அதனால்தான் சென்னைத் தரமணியில் உள்ள மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தின் முழுப் பெயரின் வாலில் இன்றும் 'சத்துணவியல்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1982-இல் இந்தக் கல்லூரிகள் வேளாண் அமைச்சகத்தின் உணவுத் துறையிலிருந்து சுற்றுலாத் துறைக்கு மாற்றப்பட்ட பிறகு, விடுதிகளுக்கு ஆள் தயாரிப்பதே அவற்றின் முதன்மையான வேலையாயிற்று.

சமையலை மட்டும் படிக்க வேண்டுமென்றால் அதற்கும் வழிகள் இருக்கின்றன. திருப்பதியிலும் நொய்டாவிலும் உள்ள இந்தியச் சமையற்கலை நிறுவனம் அதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது; அங்கே சமையற்கலையில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் தருகிறார்கள். தரமணி போன்ற இடங்களில் உணவுத் தயாரிப்பும் பேக்கரியும் சேர்ந்த ஒன்றரை ஆண்டுக் கைவினைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது; பட்டம் என்ற சொல்லின் மீது வீட்டில் பெரிய பற்று இல்லையென்றால், நேராக அடுப்புக்குப் போக விரும்புகிறவருக்கு அது பட்டப்படிப்பைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஐ.டி.ஐ.யில்கூட உணவுத் தயாரிப்பு ஓராண்டுத் தொழிற்பிரிவாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு போதும். இவற்றோடு உணவுத் தொழில்நுட்பப் படிப்பைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கற்பிப்பது உணவைப் பதப்படுத்தும் பொறியியலை. அங்கே படித்தவர் தொழிற்சாலைக்குப் போவார், சமையலறைக்கு அல்ல.

இனி, கல்லூரி எதைக் கற்றுத் தருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலாண்டில் பெரும்பாலும் வெட்டுவதும், எலும்புச்சாறு காய்ச்சுவதும், முட்டையும், மற்ற சாஸ்களுக்கெல்லாம் அடிப்படையான ஐந்து தாய்ச் சாஸ்களும்தான். கேரட்டை ஜூலியன் வடிவில் தீக்குச்சி போல் நறுக்கச் சொல்வார்கள். பிறகு அதே குச்சிகளைக் குறுக்கே வெட்டி மூன்று மில்லிமீட்டர்ச் சதுரத் துண்டுகளாக, புருன்வாஸ் என்று, ஆக்கச் சொல்வார்கள். வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு, செலரி ஒரு பங்கு என்று எடைபோட்டு மிர்ப்வா என்ற அடிப்படைக் காய்க் கலவை செய்வீர்கள். பெஷமெல், வெலூட்டே, எஸ்பன்யோல், ஹாலண்டேஸ், தக்காளி என்ற ஐந்து சாஸ்களையும் கனவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். "நான் சாம்பார் வைக்கப் போகிறவள், எனக்கெதற்குப் பிரெஞ்சுக்காரன் சாஸ்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உலகத்தின் பெரிய விடுதிகளின் சமையலறைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே முறையில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பிரிவினை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சவோய் விடுதியில் ஒகுஸ்த் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுச் செஃப் ஒழுங்குபடுத்தியது. 1903-இல் அவர் வெளியிட்ட நூலே நெடுங்காலம் கல்லூரிகளின் அடித்தளமாக இருந்தது. மூன்றாம் நிலைக் கமியிலிருந்து (கமி என்றால் உதவிச் சமையல்காரர்) முதல் நிலைக் கமி, ஒரு பிரிவின் பொறுப்பாளரான சிடிபி, துணைத் தலைவரான சூ செஃப், தலைவரான எக்ஸிக்யூட்டிவ் செஃப் என்று ஏறும் படிக்கட்டு அங்கிருந்து வந்ததுதான். சென்னையில் கமியாக இருந்தவர் துபாயில் இறங்கிய மறுநாளே வேலையைத் தொடங்க முடிவது இந்தப் பொது மொழி இருப்பதால்தான். பிரெஞ்சுச் சமையலைத் தனியே ஒரு சமையல் என்று பார்க்காமல் இந்தத் தொழிலின் இலக்கணமாகப் பார்த்தால் எரிச்சல் குறையும்.

இதைவிட முக்கியமானது இரண்டாம் ஆண்டில் வரும் பெருமளவுச் சமையல். வீட்டில் பத்துப் பேருக்குச் சரியாக வரும் சாம்பாரை நூறு பேருக்கு வைக்கும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் குழம்பு நீர்த்துவிடும். பெரிய பாத்திரத்தில் கொள்ளளவு கூடும் வேகத்தில் மேற்பரப்பு கூடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் ஆவியாகும் தண்ணீர் குறைவு. அதே காரணத்தால் அடுப்பை அணைத்த பிறகும் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும், காய் குழைந்துகொண்டே போகும். உங்கள் அப்பாவுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். ஆனால் ஏன் என்று தெரிந்தவரால்தான், தான் இதுவரை செய்திராத ஒரு பதார்த்தத்தைத் தான் இதுவரை பார்த்திராத ஒரு பாத்திரத்தில் முதல் தடவையே சரியாகச் செய்ய முடியும். பேக்கரியிலும் இப்படித்தான்: மாவு எப்போதும் நூறு, மற்றவையெல்லாம் அதன் சதவீதம், உப்பு ஏறத்தாழ இரண்டு என்ற ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால், அளவுக் குறிப்பு இல்லாமலே எந்த ரொட்டியையும் பார்த்து அது ஏன் தவறிற்று என்று சொல்லிவிடலாம்.

உணவுப் பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் மெஸ்களில் நான் காணும் பெரிய குறை அதுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மதியம் வடித்த சோறு அண்டாவிலேயே மாலை வரை இருந்து, இரவு ஃபிரைட் ரைஸ் ஆவது நம் கடைகளில் அன்றாட வழக்கம். சோற்றில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு வாணலியின் சூட்டிலும் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டேன் சார்" என்பது இங்கே செல்லாது. சோற்றை உடனே அகலத் தட்டுகளில் மெல்லிய படலமாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். ஓர் அடுப்படியில் இருபது ஆண்டுகள் நின்றவருக்கும் இது தானாகத் தெரியவராது, ஏனென்றால் வயிறு கெட்ட வாடிக்கையாளர் திரும்பி வந்து காரணம் சொல்வதில்லை.

அடுத்து, கணக்கு. ஐந்து கிலோ எடையுள்ள முழு வஞ்சிரம் ஒன்றைக் கிலோ 800 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 4,000 ரூபாய். தலை, வால், குடல், செதில் போக வறுக்கத் தகுந்த துண்டுகள் மூன்று கிலோதான் தேறின என்றால், உங்கள் மீனின் உண்மையான விலை கிலோ 1,333 ரூபாய். ஒரு துண்டு 150 கிராம் என்றால் மீனுக்கு மட்டும் 200 ரூபாய். தலையைக் குழம்பில் போட்டு விற்றால் அந்த வரவைத் தனியே கழித்துக்கொள்ளலாம். படிக்காதவர், 800-ஐ வைத்துக் கணக்குப் பார்த்து ஒரு துண்டுக்கு 120 ரூபாய் என்று நினைப்பார்; ஒரு துண்டுக்கு 80 ரூபாய் எங்கே போகிறதென்று தெரியாமலே நாளொன்றுக்கு நாற்பது துண்டு விற்பார்; கடையில் கூட்டம் நெரியும், கல்லாவில் காசு இருக்காது. சமைக்கும் பொருளின் விலை விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி நிற்க வேண்டும் என்பது விடுதிகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அந்தக் கணக்கின்படி இந்தத் துண்டை 600 ரூபாய்க்கு விற்க வேண்டும். உங்கள் ஊர் மெஸ்ஸில் அந்த விலைக்கு யார் வாங்குவார் என்று கேட்டால், அதுதான் இந்தக் கணக்கின் பயனே: வஞ்சிரம் வேண்டாம், சாளையும் நெத்திலியும் போதும் என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, கல்லூரியால் தர முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். வேகத்தை அது தராது. இருபது பேர் சேர்ந்து மூன்று மணி நேரத்தில் நான்கு பதார்த்தம் செய்யும் வகுப்புக்கும், மதியம் ஒன்றரை மணிக்கு ஒரே நேரத்தில் பதினெட்டு ஆர்டர்ச் சீட்டு வந்து விழும் அடுப்படிக்கும் இடையில் இருப்பது, குளத்துக்கும் வெள்ளம் புரளும் ஆற்றுக்கும் உள்ள தூரம். நாக்கையும் அது தராது. ஒரு மசாலாவில் என்ன குறைகிறதென்று சொல்ல ஆயிரம் தடவை சரியான மசாலாவைத் தின்றிருக்க வேண்டும். அந்த வகையில் ஒரு மெஸ்காரரின் மகளாகிய நீங்கள் வகுப்பில் இருக்கப்போகும் பெரும்பாலோரைவிடப் பல ஆண்டுகள் முன்னால் நிற்கிறீர்கள். பொறுமையை மட்டும் ஓரளவு தரும், அதுவும் பயிற்சிக் காலத்தில். பட்டப்படிப்பின் நடுவே ஏறத்தாழ ஐந்து மாதம் ஏதேனும் ஒரு விடுதியில் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அங்கே ஐ.டி. (இண்டஸ்ட்ரியல் டிரெய்னி) என்று அழைக்கப்படும் பயிற்சி மாணவரை வெங்காயம் உரிக்கவும் இறால் சுத்தம் செய்யவும் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். நான் பயிற்சிக்குப் போன விடுதியில் முதல் ஆறு வாரம் விருந்துச் சமையலறையில் பூண்டு உரித்தேன். நகக்கண் எரிந்து இரவில் தூக்கம் வராது. சம்பளமில்லாத ஆளாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற புகார் பல இடங்களில் உண்மையே. ஆனால் ஷிஃப்ட் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கூடுதலாக நின்று பார்க்கிற பிள்ளைக்கு, தந்தூர் மாஸ்டரோ பேக்கரிக்காரரோ எப்போதாவது ஒரு நாள் "இந்தா, நீ போடு" என்று மாவைக் கையில் தருவார். அந்த ஐந்து மாதத்தில் அப்படி ஐந்து நாள் கிடைத்தால் பயிற்சி வீணாகவில்லை.

படிக்காமல் மேலே வர முடியாதா என்ற கேள்விக்கு ஒரு மனிதரை நினைவுகூர்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு விடுதியின் தென்னிந்தியச் சமையலறையில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவருடைய கைக்கு நிகரான கையை நான் அதன்பின் பார்க்கவில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகள் முதல் நிலைக் கமியாகவே இருந்தார். சிடிபி ஆனால், ஒவ்வொரு நாளும் ஸ்டோருக்கு ஆங்கிலத்தில் இண்டென்ட் என்ற சரக்குக் கேட்புச் சீட்டு எழுத வேண்டும், கணினியில் ஏற்ற வேண்டும், மாத இறுதிச் சரக்கிருப்புக் கணக்குக் காட்ட வேண்டும். அவருக்கு அது வராது என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவரிடம் ரசம் கற்றுக்கொண்ட பட்டதாரிப் பையன் மூன்றாண்டில் அவருக்கு மேலதிகாரியானான். இது நியாயமில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் நட்சத்திர விடுதியும் வெளிநாட்டு வேலையும் இப்படித்தான் இயங்குகின்றன. சொகுசுக் கப்பலில் சேர வேண்டுமென்றாலும் அடிப்படைக் கடற்பாதுகாப்புப் பயிற்சிக்கும் சிடிசி என்ற கப்பல் பணியாளர் பதிவுப் புத்தகத்துக்கும் முன்னால் கல்விச் சான்றிதழையும் பணி அனுபவத்தையும்தான் கேட்பார்கள். ஆகவே உங்கள் கனவு அந்தப் பக்கம் என்றால் சான்றிதழ் ஏறத்தாழக் கட்டாயம். கல்யாணச் சமையல், பிரியாணிக் கடை, சொந்த மெஸ் என்றால் கட்டாயமில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக் களையூர் சமையல்காரர்களின் ஊர் என்றே பெயர் பெற்றிருக்கிறது. அங்கே காய் நறுக்குவதில் தொடங்கிப் பல ஆண்டுகள் மூத்தவரின் கீழ் நின்ற பிறகுதான் ஒருவர் மாஸ்டர் ஆகிறார், எந்தக் கல்லூரியும் அவருக்குப் பட்டம் தரவில்லை. தவிசுப்பிள்ளைகள், பரிசாரகர்கள் என்று நம்மிடம் இருந்த பழைய சமையல்காரர் மரபும் இதே வழிதான்.

இரண்டு வழியும் ஒரே ஆளிடம் கூடிவந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நியூயார்க்கில் 'செம்ம' என்ற உணவகத்தின் தலைமைச் செஃப் விஜயகுமார் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியைச் சேர்ந்தவர். பொறியியல் படிக்க வீட்டில் வசதியில்லாமல் திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தில் சேர்ந்தார். சென்னையில் விடுதி வேலை, கப்பல் வேலை, பிறகு அமெரிக்கா என்று போனார். செம்ம 2021-இல் திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டே, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிச்லின் நட்சத்திரம் பெற்றது. 2025-இல் அவருக்கு நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்ற ஜேம்ஸ் பியர்ட் விருது, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருது, கிடைத்தது. அந்த உணவகத்தில் பெரிதும் பேசப்பட்ட பதார்த்தம் நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் வயலில் நத்தை பொறுக்கிய நினைவிலிருந்து வந்தது. அதைத் துவாக்குடிக் கல்லூரியில் யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் நத்தத்திலிருந்து நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் வரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த சாலை அந்தக் கல்லூரி வாசலில்தான் தொடங்கியது. அது ஓர் அரசு நிறுவனம் என்பதையும் கவனியுங்கள்.

ஏனென்றால் ஆறு லட்சம் என்ற உங்கள் தொகைதான் எனக்கு உறுத்துகிறது. கடன் வாங்கிச் சேர வேண்டாம் என்பதே என் நேரடியான பதில். படித்து முடித்து மூன்றாம் நிலைக் கமியாகச் சேர்ந்தால் பல இடங்களில் கிடைக்கும் தொடக்கச் சம்பளம், நகரத்தில் ஒரு கொத்தனார் மாதத்தில் ஈட்டுவதைவிடக் குறைவு. அதில் தவணை கட்டிக்கொண்டு சென்னையில் அறை எடுத்துத் தங்க முடியாது. தவணைக்குப் பயந்து, கற்றுக்கொள்ள ஏற்ற இடத்தை விட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தரும் இடத்துக்கு ஓடுவீர்கள். முதல் நான்காண்டில் இந்தத் தொழிலில் அதைவிடக் கேடான முடிவு இல்லை. இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. 1895-இல் பாரிஸில் தொடங்கிய லெ கோர்தோன் ப்ளூ என்ற புகழ்பெற்ற பெயரை உரிமம் பெற்று அமெரிக்காவில் நடத்தப்பட்ட பதினாறு கல்லூரிகளையும் மூடப்போவதாக 2015 டிசம்பரில் அவற்றை நடத்திய நிறுவனம் அறிவித்தது. பெருங்கடனோடு வெளியே வந்து குறைந்த கூலிக்கு வெங்காயம் நறுக்கிய மாணவர்களின் குமுறல் அங்கே அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வழக்குமன்றம் வரை போயிருந்தது. சமையல் படிப்பின் கட்டணத்தைக் கல்லூரியின் பெயரோடு ஒப்பிடாமல் முதல் மூன்றாண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதே அதிலிருந்து தெரிய வருவது.

அரசு வழிகளை முதலில் முயன்று பாருங்கள். தேசிய கவுன்சிலின் கீழ் மத்திய அரசு நடத்தும் நிறுவனங்கள் இருபத்தொன்று. அவற்றுள் சென்னைத் தரமணியும் ஒன்று. திருச்சி துவாக்குடியில் இருப்பது மாநில அரசின் நிறுவனம். பட்டப்படிப்புக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எண்ணியல், தர்க்கம், பொது அறிவு, ஆங்கிலம், சேவைத் துறைக்கான மனப்பாங்கு ஆகியவற்றில் கேள்விகள் வரும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் என்பது தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு தடை, ஆனால் கணிதமோ அறிவியலோ ஆழமாகக் கேட்கப்படாததால் தாண்ட முடியாத தடை அன்று. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைத் தரமணி நிறுவனத்தில் சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டத்தை ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான மாநில அரசுக் கழகமான தாட்கோ நடத்தியிருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமானால் தூத்துக்குடி மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். சுற்றுலா அமைச்சகத்தின் ஹுனர் சே ரோஸ்கார் தக் என்ற சில வாரக் குறுகியகாலப் பயிற்சி கட்டணமில்லாதது. அதை மட்டும் வைத்து வேலை உயராது, ஆனால் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க நல்ல சோதனை.

எல்லாம் கைநழுவி, தனியார் கல்லூரிதான் என்று ஆனால், வரவேற்பறையில் மாட்டியிருக்கும் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' பதாகையைப் பார்க்காதீர்கள். செய்முறை வகுப்பு நடக்கும் நாளில் போய், சமையல் கூடத்தின் பின்கதவு வழியாக உள்ளே பார்க்க அனுமதி கேளுங்கள். ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர் நிற்கிறார்கள்? ஆசிரியர் செய்துகாட்ட மற்றவர்கள் குறிப்பெழுதுகிறார்களா, அல்லது எல்லோர் கையிலும் கத்தி இருக்கிறதா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை? கோழி ஒன்றை எட்டுத் துண்டாக வெட்டும் பாடத்துக்கு வகுப்பு முழுவதற்கும் இரண்டு கோழி வாங்கிய ஒரு கல்லூரியை எனக்குத் தெரியும்; அந்த வகுப்பில் கோழியைத் தொட்டவர்கள் ஆறு பேர். குளிர்சாதன அறையில் என்ன இருக்கிறது, கழிவுநீர்க் குழியில் கொழுப்பு வடிகட்டி இருக்கிறதா என்பவைகூட அங்கே என்ன நடக்கிறதென்று காட்டிவிடும். இந்த ஆண்டு வேலை கிடைத்தவர்களின் பட்டியலைக் கேட்காமல், மூன்றாண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் கைப்பேசிக் கடையிலும் காப்பீட்டிலும் இருப்பார்கள் என்றால் விடை கிடைத்துவிட்டது.

பெண் என்பதால் நீங்கள் கேட்காமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விடுதிச் சமையலறைகளில் இன்றும் பெண்கள் குறைவு. பேக்கரிப் பக்கம் தள்ளிவிடும் வழக்கமும் இருக்கிறது. உங்களுக்குக் குழம்பும் தந்தூரும்தான் வேண்டும் என்றால் முதல் வாரமே வாய் திறந்து சொல்ல வேண்டும். வேலைக்குச் சேருமுன் இரவு ஷிஃப்ட் முடிந்தால் வண்டி ஏற்பாடு உண்டா, உடைமாற்றும் அறை தனியே உண்டா என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். காலையில் நான்கு மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம் என்று நடுவே இடைவெளி விட்டு வரும் பிரேக் ஷிஃப்ட்தான் குடும்பத்தோடு வாழ்கிறவர்களை மிகவும் அலைக்கழிப்பது. பலர் தொழிலை விடுவது அதனால்தான், சூட்டினால் அல்ல.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, அவர் சொல்வதில் பாதி சரி. நுழைவுத் தேர்வுக்கும் சேர்க்கைக்கும் இடையில் எப்படியும் சில வாரங்கள் கிடைக்கும். அந்த நாட்களை அவருடைய மெஸ்ஸில் கழியுங்கள், ஆனால் மகளாக இல்லாமல் சம்பளத்துக்கு வந்த ஆளாக: காலை ஐந்து மணிக்குக் காய்கறிச் சந்தை, மதியம் மூன்று மணிக்குப் பாத்திரம் விளக்கும் இடம் வரை. பத்து மணி நேரம் நின்ற பிறகும் நாளைக்கும் வர வேண்டும் என்று தோன்றுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் நான்கு எண்களை எழுதி வாருங்கள்: வாங்கிய எடை, சுத்தம் செய்த பின் எடை, வெந்த பின் எடை, கடை மூடும்போது மிஞ்சிய எடை. ஒரு கிலோ பொன்னி அரிசி எத்தனை கிலோ சோறாகிறது, ஒரு கிலோ வாழைக்காயில் தோல் எவ்வளவு போகிறது, செவ்வாய்க்கிழமைகளில் கூட்டு ஏன் அதிகம் மிஞ்சுகிறது என்பதெல்லாம் பத்து நாளில் தெரியத் தொடங்கும். அந்த நோட்டை ஒரு நாள் கடை மூடிய பிறகு அப்பாவிடம் காட்டுங்கள். கல்லூரியைப் பற்றி அவரிடம் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.